வேலை பார்க்கும் முகவரியைப் பத்திரப்படுத்துங்கள்

நான் நியூ ஜெர்சி எடிசனில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கம்பெனியின் தலைமையகம் டாலஸில், மேனேஜர் சிகாகோவில். என் இந்திய உச்சரிப்பு கிளையன்டுகளுக்குச் சரிப்படாது என்று சொல்லிப் பதவி உயர்வை நிறுத்தினார்கள். வக்கீலிடம் போனேன். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே, எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம், ஏழாம் பிரிவில், எங்கே வழக்குப் போடலாம் என்பதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. பாகுபாடு நடந்த மாநிலத்தின் எந்த ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். வேலை சம்பந்தப்பட்ட ஆவணங்களைப் பராமரிக்கும் மாவட்டத்திலும் போடலாம். பாகுபாடு இல்லாதிருந்தால் எங்கே வேலை பார்த்திருப்போமோ, அந்த மாவட்டத்திலும் போடலாம். இங்கெல்லாம் கம்பெனி அகப்படாவிட்டால்தான் தலைமையகம் இருக்கும் ஊர். டாலஸுக்கு யார் அலைவது என்று நம்மவர்கள் பலர் வாயை மூடிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எனக்குக் கைகொடுத்தது மூன்றாவது வழி. அந்தப் பதவி கிடைத்திருந்தாலும் எடிசன் வீட்டிலிருந்துதான் பார்த்திருப்பேன். சாட்சிகள் டாலஸில் இருக்கிறார்கள் என்று கம்பெனி வழக்கை மாற்றக் கேட்கலாம். அது நீதிபதியின் முடிவு.

இடத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். எந்த மாநிலத்துக்கு வரி பிடித்தார்கள் என்று சம்பளச் சீட்டு காட்டும். ஹெச்1பி விசாக்காரர்களிடம் அதைவிட நல்ல சான்று எல்.சி.ஏ. படிவம்: வேலை பார்க்கும் இடத்தைக் கம்பெனியே எழுதித் தொழிலாளர் துறைக்குக் கொடுத்தது. என்னுடையதில் அபார்ட்மென்ட் எண் வரை இருந்தது. அதன் நகலை ஆபீஸ் லேப்டாப்பில் விட்டுவைக்காமல் சொந்த மெயிலில் வையுங்கள்.

ஆபர் லெட்டரின் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். தகராறுகளை இன்ன மாநிலத்தில்தான் தீர்க்க வேண்டும், நீதிமன்றத்துக்கே போகாமல் ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும் என்றெல்லாம் அங்கேதான் இருக்கும். கலிஃபோர்னியாவில் வசித்து வேலை பார்ப்பவர், 2017 முதல் போட்ட ஒப்பந்தம் தன்னை வெளிமாநிலத்துக்கு இழுத்தால், அந்த ஷரத்தை ரத்து செய்யலாம். சொந்த வக்கீலை வைத்துப் பேசி ஒப்புக்கொண்டிருந்தால் முடியாது. எல்லா மாநிலத்திலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

வழக்குக்கு முன் இ.இ.ஓ.சி. எனும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். அதற்கான கெடுவும் ஊருக்கு ஊர் வேறு: நியூ ஜெர்சியில் 300 நாள், ஜார்ஜியாவில் தனியார் கம்பெனி ஊழியருக்கு 180 நாள்தான். ஆணையத்திடமிருந்து வழக்குப் போடலாம் என்ற கடிதம் வந்தபின் 90 நாள். கம்பெனிக்குள் ஹெச்.ஆர். விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நிற்காது. பதவி மறுக்கப்பட்டது தெரிந்த அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.