தம்பானூருக்கு ஒரு பயணம்

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு தங்கை இருக்கிறார். அவருடைய அக்கா திருவனந்தபுரத்தில் இருக்கிறார். இந்தப் பாடத்தில் இருவருக்கும் பெயர் வைக்கவில்லை. தங்கை, அக்கா என்றே சொல்வோம். உங்களுக்குத் தெரிந்த இருவரின் பெயரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெட்டியில் இருந்த கடிதம்

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களின் அப்பா இறந்துபோனார். அம்மா முன்பே இறந்துவிட்டார். அக்கா வந்தார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் திரும்பிப் போனார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது.

தங்கைக்கு அப்போது படிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போனவர் அவர். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். அவன் கடிதத்தைப் படித்துக் காட்டினான். நலம் விசாரிப்பு இருந்தது. கடைசியில் ஒரு வரி இருந்தது.

“அப்பா வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.”

தங்கைக்குக் கோபம் வந்தது. “கடைசிவரை அப்பாவைப் பார்த்தது நான். பங்கு கேட்க இவளா?” என்றார். கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டார். பதில் போடவில்லை. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். தங்கை பேசவில்லை. பிறகு இருவரின் தொலைபேசி எண்களும் மாறிவிட்டன. பேச்சு நின்றே போனது.

சென்ற ஆண்டு தங்கை மாலை வகுப்பில் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாள் ஆசிரியை சொன்னார்: “வீட்டில் இருக்கும் ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே படித்துவிட்டு வாருங்கள். ரேஷன் அட்டை, கரண்ட் பில், எதுவானாலும் சரி.”

தங்கை பெட்டியைத் திறந்தார். இன்லண்ட் கடிதம் கையில் வந்தது. மெதுவாகப் படித்தார். கடைசி வரியும் வந்தது. கடிதத்தை மடிக்கும்போது பசை ஒட்டும் மடிப்பைப் பார்த்தார். அதன் உட்புறத்தில் சின்ன எழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. தாளில் இடம் போதாமல் அக்கா அங்கே எழுதியிருந்தார்.

“அவர்கள் சொல்லட்டும். எனக்கு வீடு வேண்டாம். நீ அங்கேயே இரு. அப்பாவின் வெற்றிலைச் செல்லம் மட்டும் எனக்குத் தருவாயா?”

அந்தப் பையன் மடிப்பைப் பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. பாதிக் கடிதம்தான் படித்தான். அந்தப் பாதியில் பதினான்கு ஆண்டுகள் போய்விட்டன.

தங்கை இரண்டு நாள் மாலை உட்கார்ந்து, தன் கையாலேயே அக்காவுக்குக் கடிதம் எழுதினார். முகவரியும் பின்கோடும் பழைய கடிதத்திலேயே இருந்தன. பத்து நாளில் பதில் வந்தது.

“சனிக்கிழமை காலை வண்டியில் வா. தம்பானூரில் இறங்கு. ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் நிலையம். அதை ஒட்டி, சிவப்புச் செங்கலில் வட்டமாக ஒரு கட்டடம் உண்டு. இந்தியன் காபி ஹவுஸ். அதன் வாசலில் நிற்பேன்.”

ஒரே நாடாக இருந்த ஊர்கள்

குமரி மாவட்டத்தில் பலருக்குத் திருவனந்தபுரத்தில் உறவினர் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு.

முன்பு இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அதன் தலைநகராக இருந்தது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நம் ஊர் மக்கள் கோர்ட்டு வேலைக்கும் வியாபாரத்துக்கும் அங்கே போனார்கள். பெண் கொடுத்தார்கள். பெண் எடுத்தார்கள்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழர்களின் போராட்டத்துக்குப் பிறகு அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. அவை கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகர் ஆனது. களியக்காவிளையில் எல்லை வந்தது. எல்லை வந்தாலும் உறவு விட்டுப்போகவில்லை. இன்றும் கல்யாணத்துக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கும், ஆற்றுகால் பொங்காலைக்கும் மக்கள் போய் வருகிறார்கள்.

பெயரில் கவனம் வேண்டும்

தங்கை குழித்துறையில் ரயில் ஏறினார். இந்த ரயில் பாதை 1979-ல் திறக்கப்பட்டது. டிக்கெட்டை வாங்கியதும் படித்துப் பார்த்தார். புறப்படும் ஊர், சேரும் ஊர், கட்டணம், தேதி எல்லாம் அதில் இருந்தன. எண்களை அவரால் தெளிவாகப் படிக்க முடிந்தது. டிக்கெட்டைப் பர்சில் பத்திரமாக வைத்தார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நிலையங்கள் வந்தன. எல்லை தாண்டியதும் பலகைகளில் மலையாளம் வந்துவிட்டது. அவருக்கு மலையாள எழுத்து தெரியாது. ஆனால் ஊர்களின் பெயரை வரிசையாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. “திருவனந்தபுரம்” என்று யாரோ சொல்வது கேட்டது. தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் இருந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இது சவுத்து. உங்களுக்கு சென்ட்ரல்தானே போகணும்?” என்றார்.

இதை நாம் நினைவில் வைக்க வேண்டும். நேமம் நிலையத்துக்கு 2024-ல் திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் வைத்தார்கள். கொச்சுவேளி நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆனது. தம்பானூரில் இருப்பது திருவனந்தபுரம் சென்ட்ரல். டிக்கெட் வாங்கும்போதும் இறங்கும்போதும் பெயரின் கடைசிச் சொல்லையும் பாருங்கள்.

வாசல் மாறியது

தம்பானூர் நிலையம் பெரியது. இதன் கருங்கல் கட்டடம் 1931-ல் திறக்கப்பட்டது. கூட்டம் போன பக்கமே தங்கையும் போனார். வெளியே வந்து பார்த்தார். பஸ் நிலையம் இல்லை. சிவப்புக் கட்டடமும் இல்லை. அவருக்கு நெஞ்சு படபடத்தது.

அவர் அழவில்லை. கண்டவரிடமும் பையைக் கொடுக்கவில்லை. சுவரோரமாக நின்றார். அக்காவின் கடிதத்தை எடுத்து மீண்டும் படித்தார். பிறகு அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய், “காபி ஹவுஸ்” என்றார்.

“இது பின்வாசல் அம்மா. பவர் ஹவுஸ் ரோடு. பாலம் ஏறி அந்தப் பக்கம் போங்க” என்று அவர் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்.

தங்கை நடைப்பாலத்தில் ஏறி முன்வாசலுக்கு வந்தார். எதிரே பஸ் நிலையத்தின் பெரிய கட்டடம் தெரிந்தது. அதன் ஓரத்தில் சிவப்புச் செங்கல் கட்டடமும் தெரிந்தது. வாசலில் நரைத்த தலையுடன் ஒருவர் நின்றார்.

“ஏட்டி, வந்துட்டியா? முடியெல்லாம் நரைச்சுப் போச்சே!” என்றார் அக்கா.

“உனக்கு மட்டும் கறுப்பாவா இருக்கு?” என்றார் தங்கை.

பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை.

சுற்றிச் சுற்றி ஏறும் காபி ஹவுஸ்

இருவரும் உள்ளே போனார்கள். இந்தக் கட்டடத்தில் மாடிப்படியும் தனித்தனி மாடியும் இல்லை. தரையே சாய்வாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். வெளிச்சுவரை ஒட்டி மேசைகள் இருக்கும். சுவரில் செங்கற்களுக்கு நடுவே இடைவெளிகள் விட்டிருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியாக வருகின்றன.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகன் ஆனார். குறைந்த செலவில் ஏழைகளுக்கு வீடு கட்டும் வழிகளைக் காட்டினார். 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

இந்தியன் காபி ஹவுஸை நடத்துவது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். 1950-களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியது. வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் துணையுடன் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் அவர்களின் முதல் கடை 1958-ல் திருச்சூரில் தொடங்கியது.

அக்கா இரண்டு காபியும் கட்லெட்டும் சொன்னார். கட்லெட் உள்ளே சிவப்பாக இருந்தது. “இது பீட்ரூட். பயப்படாமத் தின்னு” என்றார். தங்கை பையைத் திறந்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா அதைத் திறந்தார். உள்ளே சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போனது.

சாலைத் தெருவில்

அக்காவின் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. தம்பானூரிலிருந்து நடந்தே போகலாம். சாலைச் சந்தையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கினார். இங்கே தமிழ் வியாபாரிகள் பலர் உண்டு. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ எல்லாம் கிடைக்கும். மலையாளமும் தமிழும் சேர்ந்தே கேட்கும்.

இந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர் எழுத்தாளர் ஆ. மாதவன். கடைத்தெருவில் பார்த்த சுமைகூலிகளையும் சிறு வியாபாரிகளையும் பற்றித் தமிழில் கதைகள் எழுதினார். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021-ல் காலமானார்.

வீட்டில் இன்னொருவர் காத்திருந்தார். தங்கையுடன் முந்திரி ஆலையில் வேலை செய்த தோழி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். அக்காதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இருவரும் முதலில் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைச் சுடும். அன்று வெந்த அடையாளம் இரண்டு பேர் விரலிலும் இன்னும் இருந்தது.

தோழியும் இப்போது எழுத்து படிக்கிறார். அவர் படிப்பது மலையாளம். ஒரு தாளை எடுத்தார். தங்கையின் பெயரை மலையாளத்தில் எழுதினார். தங்கை தோழியின் பெயரைத் தமிழில் எழுதினார். தாள்களை மாற்றிக்கொண்டார்கள்.

பங்கு பேசினார்கள்

இரவு தங்கை சொன்னார்: “அக்கா, வீட்டுல உனக்கும் பாதி உண்டு. வகுப்புல சட்டம் படிச்சோம்.”

“அதெல்லாம் பிறகு பேசலாம் மக்கா.”

“பேசாம விட்டுத்தான் பதினாலு வருஷம் போச்சு. இப்பமே பேசுவோம்.”

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இதைப் பற்றிச் சொல்கிறது. ஓர் இந்துத் தந்தை தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் பங்கு உண்டு. பங்கைக் கேட்பது பகை ஆகாது. அது உரிமை. வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதும் அவரவர் விருப்பம். எதுவானாலும் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டின் பட்டாவில் இருவர் பெயரையும் சேர்ப்பது, தங்கை அங்கேயே வாழ்வது, அக்கா எப்போது வேண்டுமானாலும் வந்து தங்குவது என்று முடிவு செய்தார்கள். அதைத் தாளில் தங்கையே எழுதினார். அக்கா படித்து ஒரு பிழையைத் திருத்தினார்.

மறுநாள் மாலை தங்கை தம்பானூரில் ரயில் ஏறினார். இந்த முறை எந்த வாசல் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

தெரிந்துகொள்ளுங்கள்

மலையாளச் சொற்கள் சில:
தீவண்டி – ரயில்
வெள்ளம் – தண்ணீர்
ஊணு – சாப்பாடு
சாயா – தேநீர்
கத்து – கடிதம்
மேல்விலாசம் – முகவரி
எவிடெ – எங்கே
சேச்சி – அக்கா

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்:
139 – ரயில் பயணிகள் உதவிக்கு
112 – அவசர உதவிக்கு

வெளியூர் போகும்போது:
1. போகும் இடத்தின் முகவரியைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தொலைபேசி பழுதானாலும் தாள் உதவும்.
2. சந்திக்கும் இடத்தையும் வாசலையும் முன்பே பேசி வையுங்கள்.
3. வழி தவறினால் ஓரமாக நின்று யோசியுங்கள். போலீஸ்காரரிடமோ நிலைய ஊழியரிடமோ கேளுங்கள்.
4. டிக்கெட்டை வெளியே வரும்வரை வைத்திருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. கடிதத்தின் எந்தப் பகுதியைப் பையன் படிக்கவில்லை?
2. திருவனந்தபுரம் என்ற பெயருடன் எந்தெந்த மூன்று நிலையங்கள் இந்தப் பாடத்தில் வருகின்றன?
3. கன்னியாகுமரி மாவட்டம் எந்த ஆண்டு சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது?
4. தங்கை வாசல் மாறியபோது என்ன செய்தார்? நீங்கள் என்ன செய்வீர்கள்?
5. “எனக்கு வீடு வேண்டாம்” என்று அக்கா எழுதிய பிறகும் தங்கை பங்கைப் பற்றிப் பேசினார். அது சரியா? வகுப்பில் பேசுங்கள்.

எழுதிப் பாருங்கள்

நீண்ட நாள் பேசாத உறவினரோ தோழியோ உங்களுக்கு இருக்கலாம். அவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். முகவரியும் பின்கோடும் சரியாக இருக்கட்டும். எழுதிய பிறகு ஒருமுறை படியுங்கள். மடிப்பில் எழுதியதையும் படியுங்கள். பிறகு தபால் பெட்டியில் போடுங்கள்.