பங்குப் பணிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைக்கு

மகள், நீ பங்குப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மரியாயின் சேனையா, வின்சென்ட் டி போல் சபையா, பாடகர் குழாமா, ஞாயிறு மறைக்கல்வியா என்று இன்னும் முடிவாகவில்லையாம். எதில் வேண்டுமானாலும் சேர்ந்துகொள். எங்கே சேர்ந்தாலும் உதவக்கூடிய சிலதை எழுதுகிறேன்.

1. கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று எழுதிக்கொள்ளச் செயலாளர் இருக்கிறார். யார் வரவில்லை என்று நீ பார். அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் ஒரு மாமி இருந்தார். இரண்டு கிழமை ஒருவரைப் பூசையில் காணாவிட்டால் அந்த வீட்டுப் படலையில் போய் நிற்பார். "ஏன் கோயிலுக்கு வரல்ல?" என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "ஒரு தேத்தண்ணி ஊத்து புள்ள" என்று சொல்லிக் குந்திவிடுவார். மிச்சத்தை அந்த வீடே சொல்லும். நுண்கடன் எடுத்த சில பெண்கள் அன்பியத்துக்கு வராமல் போன காரணத்தை இப்படித்தான் அறிந்தோம். அந்தக் கடனைப் பெண்களுக்குக் குழுவாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்த மற்றவர்கள் யார்? அன்பியத்தில் பக்கத்துப் பாயில் இருக்கிற அதே பெண்கள். எந்த முகத்தோடு அவள் வந்திருந்து செபமாலை சொல்லுவாள்? சனத்துக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது.

2. பங்குச் சுவாமி சொன்னால் செய்வோம் என்று காத்திருக்கப் பழகாதே. ஒல்லாந்தர் நம் மறையைத் தடைசெய்து, குருக்களைத் துரத்திவிட்டிருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். தனி மனிதர் ஒரு ஊரில் எத்தனை நாள் தங்க முடியும்? அவர் அடுத்த ஊருக்குப் போனபின் செபம் சொல்லிக்கொடுத்ததும், பிள்ளைகளுக்கு மறை படிப்பித்ததும், கோயிலைப் பார்த்துக்கொண்டதும் மூப்பர்மாரும் அண்ணாவிமாரும்தான். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து யோசே வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அந்த மூப்பர்மாரில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதை வைத்துச் சுவாமியை மீறிப் போ என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அவரிடம் சொல்லிவிட்டுச் செய். அவர் சொல்லும்வரை சும்மா இராதே.

3. வீடு பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோவது என்று கேட்பாய். இதில் இரண்டு வழிகள் உண்டு. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கியது வின்சென்ட் டி போல் சபை. ஏழையின் வீட்டுக்கு உதவியை ஆள் வைத்து அனுப்பாமல் தானே கொண்டுபோக வேண்டும் என்பது அதன் உயிர். 1921 செப்டெம்பர் 7ஆம் திகதி டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையோ, இருவர் இருவராகப் போகச் சொல்லும். பொருளுதவி செய்யவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும். சின்ன வயதில் எனக்கு இந்தச் சட்டம் கல்நெஞ்சாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. அரிசிப் பையோடு போனால், நீ கேட்க விரும்புவதைத்தான் அந்த வீட்டார் சொல்லுவார்கள். வெறுங்கையோடு போனால், உன்னோடு பேசலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவெடுப்பார்கள். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் கொஞ்சக் காலம் வெறுங்கையோடு போய்ப் பழகு. பிறகு அரிசி கொடுக்கும் கைக்கு ஒரு பணிவு வந்திருக்கும்.

4. கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வா. ஒரு வீட்டுத் துன்பம் செபக் கருத்து என்ற பெயரில் பன்னிரண்டு பேர் முன் வாசிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்த வீட்டுக் கதவு யாருக்கும் திறக்கவில்லை.

5. சுனாமி வந்தது 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பில் நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடிக் கரையிலும் வீடுகள் நின்ற இடத்தில் அத்திவாரந்தான் மிஞ்சியது. டச்பாரில் நம் பறங்கிச் சனம் எத்தனை பேரைப் பறிகொடுத்தது! பள்ளிக்கூடங்களும் கோயில்களும் சனத்தால் நிரம்பின. அந்த நாட்களில் எங்களோடு நின்ற பெடியங்களும் பெட்டைகளும் சோற்றுப் பார்சல் கட்டியே களைத்துப்போனார்கள். பெண்களுக்கு உள்ளுடுப்பு வேண்டும் என்பதை முதலில் கண்டது ஒரு பதினேழு வயதுப் பெட்டை. பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றியவர்களுக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே சின்னவள் என்று நினைத்து ஒதுங்கி நிற்காதே. வரிசையில் நிற்பவர் சைவரா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று கேட்காதே. கொடுக்கும்போது படம் எடுக்காதே.

அந்தக் கதையில் பின்பாதி ஒன்றும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. நல்ல வேலை செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை சும்மா ஓடித் திரிந்த இளையோரில் பலருக்குச் சம்பளமும் மோட்டார் சைக்கிளும் கிடைத்தன. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பிறகு கூட்டம் வைக்க ஆளில்லை. சம்பளத்துக்குப் போவது குற்றமில்லை, குடும்பம் இருக்கிறது. போனாலும் கிழமையில் ஒரு மணித்தியாலம் காசு வாங்காத வேலை ஒன்றைக் கைவிடாமல் வைத்திரு.

6. நீ பிறக்கு முன் நடந்தவற்றையும் தெரிந்துகொள். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து சனத்துக்காகப் பேசிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோவை 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் வந்து சேரவில்லை. புனித மிக்கேல் கல்லூரிப் பெடியங்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கர் அவர். அவரோடு வந்த நம்மூர் இளைஞரும் வந்து சேரவில்லை. சுவாமியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள்; அந்த இளைஞரின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இப்படி ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தாய்மாரிடம் போனால் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று ஆரம்பிக்காதே. மகனைப் பற்றி "இருந்தார்" என்று சொல்லாதே, "இருக்கிறார்" என்றும் அடித்துச் சொல்லாதே. அவனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேள். ஒரு மணித்தியாலம் பேசுவாள்.

7. திருவிழாவில் சுருவம் தூக்க ஆள் முந்தும்; கிடாரம் கழுவ ஆள் தேட வேண்டும். செப்டெம்பரில் ஆயித்தியமலை சதாசகாய மாதாவிடம் கால்நடையாகப் போகும் சனத்தைப் பார்த்திருப்பாய். முன்னால் பாட்டும் செபமாலையும். பின்னால் ஒரு சிலர் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டும், கால் கொப்பளித்த கிழவிகளைக் கைத்தாங்கலாய்க் கூட்டிக்கொண்டும் வருவார்கள். உனக்கு நல்ல கூட்டாளிகள் வேண்டுமானால் அந்தப் பின்வரிசையில் தேடு.

8. காசைத் தொட்டால் அன்றைக்கே எழுது. இரண்டு பேர் எண்ணி இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். எழுதாத கணக்கு நல்லவனையும் கள்ளனாக்கும்.

9. ஒருநாள் உன்னையும் தலைவியாக்குவார்கள். பதவி இரவல் தோணி மாதிரி. ஓட்டைபோடாமல் கரையில் இழுத்து வைத்துவிட்டுப் போ. மண்டபச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தான் இல்லாவிட்டால் பங்கே இல்லை என்று திரிந்தவர்களை எல்லாக் கோயிலிலும் காணலாம். பாடகர் குழாமில் இந்த நோய் கொஞ்சம் அதிகம், ஏனோ தெரியவில்லை. தனிக்குரல் கிடைக்காத கோபத்தில் பக்கத்துப் பங்குக்குப் பூசைக்குப் போனவர்களும் உண்டு. அப்படிப் போனவளையும் வராதவர் கணக்கில் சேர்த்துக்கொள். அவள் வீட்டுக்கும் போ. பாட்டைப் பற்றிப் பேசாமல் வேறு ஏதாவது பேசிவிட்டு வா.

10. இதையெல்லாம் செய்கிறேன் என்று வீட்டைப் பட்டினி போடாதே. கண்பார்வை மங்கிய உன் அப்பம்மாவுக்கு ஞாயிறு வாசகத்தை வாசித்துக் காட்ட ஆளில்லை என்று உன் அம்மா சொன்னாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அதைச் செய். உரத்து வாசி, அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.