ஏன் அப்போதே சொல்லவில்லை?

சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் எம்மவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்தப் பிள்ளை ஏன் அப்பவே சொல்லேல்ல?" இதற்கு விடை காண மருத்துவ உலகத்துக்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1857இல் பாரிஸ் நகரின் சட்ட வைத்தியர் தார்டியு, தாம் பரிசோதித்த பாலியல் வன்முறை வழக்குகளை நூலாக்கினார். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சிறுவர்கள். ஆனால் அவருக்குப் பின்வந்த சில வைத்தியர்கள், பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்றே எழுதினர். 1896இல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட், வளர்ந்தவர்களின் சில மனநோய்களுக்குச் சிறுவயதுப் பாலியல் கொடுமையே காரணம் என்றார். சக வைத்தியர்கள் அதனை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அவரும் அக்கருத்திலிருந்து விலகினார். அதன்பின் பல காலம் பிள்ளையின் சொல் கற்பனையாகவே எண்ணப்பட்டது.

1962இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி கெம்ப், வீட்டிலேயே அடித்துக் காயப்படுத்தப்படும் குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் உலகம் விழித்தது. 1983இல் ரோலண்ட் சமிட் என்ற மனநல வைத்தியர் மௌனத்தின் காரணங்களை விளக்கினார். துன்புறுத்துபவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர். இரகசியம் காக்கச் சொல்வார், மிரட்டுவார். பிள்ளை தன்னையே குற்றவாளியாக எண்ணும். பல ஆண்டுகள் கழித்துச் சொல்லும், பயத்தில் சொன்னதையே மறுக்கவும் கூடும். எனவே தாமதத்தை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவுசெய்ய முடியாது. 1998இல் பெலிட்டி, அண்டா ஆகியோரின் ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் பல சேர்ந்தவர்களிடம் மனச்சோர்வும் இருதய நோயும்கூட அதிகம் இருப்பதைக் காட்டியது.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சாசனத்தை ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 12இலிருந்து 16ஆக உயர்ந்தது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் போர் நடந்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எமது மக்களோ புத்தளம் போன்ற இடங்களில் அகதிகளாக இருந்தனர். அன்று பிள்ளைகளாக இருந்த எங்கள் உம்மா, வாப்பாமார் பலருக்கு இவற்றை அறியும் வாய்ப்பு எங்கே இருந்தது? அதனால்தான் இப்போதாவது வீட்டில் இதைப் பேச வேண்டும் என்கிறேன்.

காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கமின்மை, படிப்பில் திடீர்ச் சரிவு, ஒருவரைக் கண்டால் ஒதுங்குதல் முதலியன வேறு காரணங்களாலும் வரலாம். ஆனாலும் அன்போடு விசாரிக்க வேண்டிய அடையாளங்கள் அவை. பிள்ளை வாய் திறந்தால் "நான் நம்புறன், உன்னில பிழை இல்லை" என்று சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காக மூடி மறைத்தால் துன்புறுத்தியவருக்கே அது பாதுகாப்பாகும். 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி கிடைக்கும். நம்பி அரவணைக்கும் பெரியவர் ஒருவரும் தகுந்த உளநலச் சிகிச்சையும் கிடைத்தால் காயம் ஆறும்.

தோழியரே, எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் சொல்வதற்குக் காலம் பிந்திவிடவில்லை. பெற்றோரே, பிள்ளைகள் இறைவன் உங்களிடம் தந்த அமானிதம். "ஏன் அப்பவே சொல்லேல்ல?" என்பதை விட்டு, "இப்ப சொன்னது நல்லது" என்று தொடங்குங்கள்.