பிறர் படத்தின் முன் நிற்பது

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. எதை வரைந்தாலும் ஏற்கெனவே யாரோ வரைந்தது போலவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பிடித்த ஓவியர்களின் படங்களையெல்லாம் செல்போனில் சேர்த்து வைத்திருக்கிறாய்; அவற்றைப் பார்க்கப் பார்க்கக் கை ஓய்ந்து போகிறது என்கிறாய். உன் கையில் குறையில்லை, கண்ணு. விரலால் தள்ளிவிடுகிற நேரத்துக்கு மேல் எந்தப் படத்தையும் நீ பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்குள் கண்ணில் ஒட்டுவது பாணி மட்டும்தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டு தாளுக்கு முன் உட்கார்ந்தால், வருவது வேறு யாருடையதாகவோதான் இருக்கும்.

இந்த ஊர் ஓவியர் கணேஷ் ஹாலோயைப் பற்றிச் சொல்கிறேன். 1936-இல், இன்று வங்காளதேசத்தில் இருக்கும் ஜமால்பூரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் 1950-இல் கொல்கத்தாவுக்கு வந்து இங்குள்ள அரசு கலைக் கல்லூரியில் படித்தார். 1957-இல் தொல்லியல் துறையில் வேலை கிடைத்து அஜந்தாவுக்குப் போனார். குகைச் சுவர்களில் உள்ள ஓவியங்களை உள்ளது உள்ளபடி பிரதி எடுப்பதுதான் வேலை. 1963 வரை அதையே செய்தார். ஒரு இளம் ஓவியர் தன் நல்ல வயதை அடுத்தவர் கோட்டைப் பின்தொடர்வதில் கழித்தார் என்றால் உன் நண்பர்கள் பதறிப்போவார்கள். ஆனால் அவருடைய பிற்காலப் படங்களைப் பார். போதிசத்துவரும் இல்லை, தாமரை ஏந்திய கையும் இல்லை. தாளில் குவாஷ் வண்ணம், சில கோடுகள், சில புள்ளிகள். உற்று நின்றால் அவை வரப்பாகவும் தேங்கிய நீராகவும், விட்டுவந்த ஆற்றோர நிலமாகவும் தெரியத் தொடங்கும். 2017-இல் டாக்குமென்டா கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அஜந்தா அவருக்குக் கொடுத்தது உருவங்களை அல்ல என்றே நினைக்கிறேன். ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே மூச்சுவிட வேண்டும் என்கிற நிதானத்தைக் கொடுத்திருக்கிறது.

அதனால் பிரதி எடுக்க வெட்கப்படாதே. ஒரே ஒரு ஓவியரைத் தேர்ந்தெடு. அவர் படம் ஒன்றைப் பென்சிலால் மெதுவாகப் பிரதி எடு. யாருக்கும் காட்டாதே, எங்கும் பதிவிடாதே.

சோம்நாத் ஹோர் என்ற இன்னொரு ஓவியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிட்டகாங்கில் 1921-இல் பிறந்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தின்போது, தன்னைவிட மூத்த ஓவியரான சித்தப்பிரசாத் காட்டிய வழியில், பசியில் கிடந்த மக்களை நேரில் பார்த்து வரைந்தார். சித்தப்பிரசாதின் பஞ்சப் படங்கள் கறுப்பு மையில் ஓங்கி அடித்தவை. அவருடைய 'பசித்த வங்காளம்' நூலின் பிரதிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. அப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்ட ஹோர், 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தபோது மையே தொடவில்லை. களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியால் கீறினார், சூடான கம்பியால் துளைத்தார். அதிலிருந்து சிமென்டில் அச்சு எடுத்து, காகிதக் கூழை அதன்மேல் அழுத்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். செல்போனில் பார்த்தால் வெற்றுத்தாள் போலத்தான் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழ நேரில் நின்றால்தான் தாளின் கீறல் உடம்பின் கீறலாக மாறுவது புரியும். முதன்முதலில் அப்படி ஒன்றைப் பார்த்த அன்று என்னால் அடுத்த படத்துக்கு நகர முடியவில்லை. மூத்தவரிடமிருந்து ஹோர் எடுத்துக்கொண்டது எங்கே பார்க்க வேண்டும் என்பதை. எப்படிச் சொல்வது என்பதை அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

நம்மூரிலும் இது நடந்திருக்கிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்திலிருந்து வந்து சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர். அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் பிறகு அதே பொறுப்புக்கு வந்தார், 1966-இல் சோழமண்டலத்தை உருவாக்கினார். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஆசிரியரின் சாயலைத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. நீ வரைகிறவள் என்பதால் ஓவியங்களை மட்டுமே பார்க்கிறாய். சிற்பம் பார். சிற்பி மீரா முகர்ஜி ஜெர்மனியில் மியூனிக்கில் படித்துவிட்டு வந்து, பஸ்தரின் உலோக வார்ப்புக் கலைஞர்களிடம் போய் அமர்ந்து கற்றுக்கொண்டார். மெழுகை நூலாகத் திரித்து ஒட்டி, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை. அவர் வெண்கலங்களின் மேல் அந்த மெழுகு நூலின் தடம் இன்னும் இருக்கிறது. அவற்றின் பாணியை நீ திருடவே முடியாது, உன் கையில் இருப்பது தூரிகைதானே! கை ஊன்றிய தடத்தை ஏன் அழிக்காமல் விட்டார் என்ற யோசனையைத்தான் எடுத்துவர முடியும். துர்கா பூஜைக் காலத்துப் பந்தல்களையும் இதே கண்ணோடு பார். கலைக் கல்லூரியில் பயின்ற பலர் அங்கே மூங்கிலிலும் துணியிலும் வேலை செய்கிறார்கள்.

விடுமுறைக்கு வா. சதர்ன் அவென்யூவில் பிர்லா அகாடமிக்கு நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ரவீந்திர சதன் பக்கம் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பெரும்பாலும் வரைந்தவர்களே தங்கள் படங்களின் அருகில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் அர்த்தம் கேட்காதே. எந்தத் தாள், எந்த வண்ணம், எதை முதலில் போட்டீர்கள் என்று கேள். ஆசையாகச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு கண்காட்சி போதும், அதிலும் ஒரு படம். செல்போன் பையிலேயே இருக்கட்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் எழுது. மறுநாள் அந்த நோட்டைத் திறக்காமல் நினைவிலிருந்து வரைந்து பார். நினைவில் தங்கியது எதுவோ அதில்தான் உனக்கு வேலை இருக்கிறது.

நீ அனுப்பியவற்றில் ரைஸ் மில் களத்துப் படம் ஒன்று இருந்தது. காயும் நெல்லைப் பெண்கள் காலால் துழாவுகிறார்கள். கால் போன தடம் கோடு கோடாக நெல்லில் நிற்கிறது. மற்றவற்றில் நீ பார்த்த ஓவியர்கள் இருக்கிறார்கள், இதில் நீ இருக்கிறாய். அந்தப் பெண்களின் முகங்களை மட்டும் யாரிடமோ கடன் வாங்கியிருக்கிறாய். களத்துக்கு மறுபடி போய் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பெரிய தாளில் திரும்ப வரை. வரும்போது அதைச் சுருட்டி எடுத்து வா.

அப்பாவிடம் டிக்கெட்டை முன்கூட்டியே போடச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை