ஹார்டு டிஸ்க்கில் ஒயர் மாட்டும் இடம் உடைந்தால்

ஸ்ரீ சிட்டி தெரியுமா? சத்தியவேடு, தடா பக்கம் இருக்கும் தொழில் நகரம். 2008இல் தொடங்கியது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2015இல் அங்கே செல்போன் செய்யும் வேலை ஆரம்பித்தது. சுற்று வட்டாரப் பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள்.

அந்தப் பக்கம் ஒரு போட்டோ கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து வருடக் கல்யாணப் படங்கள் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. கடைக்காரர் கரன்ட் ஒயரைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டார். மாட்டும் இடத்தில் பிளாஸ்டிக் பட்டை உடைந்தது. இப்போது டிஸ்க் சுற்றவில்லை. தாத்தா இறந்துபோன ஒரு குடும்பம் படம் கேட்டு வந்திருக்கிறது. அவர் மணமேடையில் நிற்கும் படம் அதில்தான் இருக்கிறது.

படம் அழிந்துவிட்டதா? இல்லை. படங்கள் இருப்பது உள்ளே இருக்கும் வட்டத் தகட்டில். உடைந்தது கரன்ட் போகும் வழி மட்டும்தான்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் 1956இல் வந்தது. அதில் 50 தகடுகள். ஒவ்வொன்றும் இரண்டு அடி அகலம்! அவ்வளவு பெரியதில் 50 லட்சம் எழுத்துகள்தான் பதிந்தன. இன்று ஒரு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் போதாது.

டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 5 வோல்ட், 12 வோல்ட் என்று இருக்கும். சிவப்பு ஒயர் 5 வோல்ட். மஞ்சள் ஒயர் 12 வோல்ட். கறுப்பு ஒயர் எர்த். சிவப்பும் மஞ்சளும் மாறினால் போர்டு கருகிவிடும். அதன் பிறகு செலவு பல மடங்கு.

கரன்ட் பட்டையில் 15 பின்கள் உண்டு. டேட்டா ஒயர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 7, 8, 9 சேர்ந்து 5 வோல்ட். 13, 14, 15 சேர்ந்து 12 வோல்ட். 4, 5, 6 மூன்றும் எர்த்.

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிளாஸ்டிக் மட்டும் உடைந்து பின்கள் நேராக இருந்தால் வேலை சுலபம். உடைந்த துண்டு பெரும்பாலும் ஒயரின் வாய்க்குள்ளேயே மாட்டியிருக்கும். அதை எடுக்கக் கூடாது. அப்படியே பின்களோடு பொருத்தி அழுத்தினால் டிஸ்க் சுற்றக்கூடும். பின்னும் ஒடிந்திருந்தால் போர்டில் ஈயம் வைத்து ஒயரைப் பற்ற வைக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. சென்னை ரிச்சி தெருவில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

சிலர் வேறு டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டுவார்கள். பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் கணக்கும் அதனதன் போர்டில் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும். மூடியைத் திறப்பது அதைவிட மோசம். ஒரு தூசி விழுந்தாலும் தகடு கீறிவிடும்.

டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டதும் ஒயரை அசைக்கக் கூடாது. டிஸ்க்கோடு சேர்த்து டேப் சுற்றிவிட வேண்டும். உடனே படங்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். அந்தத் தாத்தா படத்தை முதலில் எடுப்பது நல்லது. ஒட்டிய இடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது.