"மார்ச்லயே வந்திருக்கலாமே?"

2021 மே மாசம். ஐ.பி.எல். பாதியிலேயே நின்னு போச்சு. நம்ம சி.எஸ்.கே.வின் பேட்டிங் பயிற்சியாளர் மைக் ஹஸ்ஸிக்கு டெல்லியில் கொரோனா உறுதியானது. அவரையும் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜியையும் ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். தொற்று இல்லாத மற்ற ஆஸ்திரேலிய வீரர்கள் மாலத்தீவுக்குப் பறந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் ஏன் மாலத்தீவு? காரணம், அவங்க சொந்த நாடே கதவைச் சாத்தியிருந்தது. இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாட்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் 5 வருஷம் வரை சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். மே 3 முதல் அமல். இது வெளிநாட்டுக்காரனுக்குப் போட்ட சட்டம் இல்லை, ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கே போட்டது.

கிரிக்கெட் வீரர்கள் கதை நமக்கு உடனே வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் இந்தியாவில் சிக்கியிருந்த சுமார் 9,000 ஆஸ்திரேலியர்கள் கதை அந்த அளவுக்கு வரவில்லை. அதில் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளியினர்.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னை நிறுத்தியது சட்டம் இல்லை, மக்கள் கருத்து. லோவி இன்ஸ்டிட்யூட் என்று சிட்னியில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வெளியுறவு விஷயங்களில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வருஷா வருஷம் கருத்துக் கணிப்பு எடுப்பவர்கள். வெளிநாட்டில் சிக்கிய நம் மக்களை அழைத்துவர அரசாங்கம் செய்தது போதுமா என்று 2021இல் கேட்டார்கள். கிட்டத்தட்ட பத்தில் ஆறு பேர் "சரியான அளவு செய்திருக்கிறது" என்றார்கள். "போதாது" என்றது மூன்றில் ஒருவர்தான். அப்போது வெளிநாட்டில் காத்திருப்போர் பட்டியலில் 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஆக, அரசாங்கம் மக்களை மீறிச் செய்யவில்லை. மக்கள் தந்த தைரியத்தில்தான் செய்தது. அந்தத் தைரியத்தின் பின்னால் ஒரு சாதாரணக் கேள்வி இருந்தது: "மார்ச்லயே வந்திருக்கலாமே?"

கேள்வி எங்கிருந்து வந்தது

2020 மார்ச் 17 அன்று, வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் சீக்கிரம் ஊர் திரும்புங்கள் என்று ஆஸ்திரேலிய அரசு சொன்னது. மார்ச் 20இல் வெளிநாட்டவருக்கு எல்லை மூடப்பட்டது. மார்ச் 28 நள்ளிரவிலிருந்து, யார் வந்தாலும் 14 நாள் ஹோட்டல் தனிமை கட்டாயம். சொன்னபோது வந்தவன் புத்திசாலி, வராதவன் அலட்சியக்காரன், அவனுக்காக நாங்கள் ஏன் ரிஸ்க் எடுக்கணும்? இப்படித்தான் ஓடியது பொதுப் பேச்சு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா மார்ச்சில் வேலை ஒப்பந்தம் நடுவில் இருந்தவர், சாகக் கிடக்கும் அப்பா பக்கத்தில் இருந்தவர், டிக்கெட் போட்டும் விமானம் ரத்தானவர், இவங்களை எல்லாம் எந்தப் பக்கம் சேர்ப்பது? இன்னொரு உதாரணம் போதும். 2021 மே மாதம் ஆஸ்திரேலிய செனட் குழு விசாரணையில் ஒரு விவரம் வெளியே வந்தது: பெற்றோர் ஆஸ்திரேலியாவில் இருக்க, 170க்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்பா அம்மா இல்லாமல் இந்தியாவில் மாட்டியிருந்தார்கள். மார்ச்லயே ஏன் வரலை என்று அந்தக் குழந்தைகளிடம் போய்க் கேட்க முடியாது.

வரிசைக் கணக்கு

நம்ம பாடம் இங்கே கொஞ்சம் உதவும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எடுத்தவங்களுக்கு வரிசைக் கோட்பாடு ஞாபகம் இருக்கும். எடுக்காதவங்க ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. தட்டோடு வருபவர் எண்ணிக்கை, பரிமாறும் வேகத்தை விட அதிகமாக இருந்தால் வரிசை நீண்டுகிட்டே போகும். யாரும் தூங்கிக்கிட்டு லேட்டா வர வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் ஒழுங்காக வந்தாலும் வரிசை நீளும்.

ஆஸ்திரேலியா 2020 ஜூலையில் செய்தது, பரிமாறுபவரைக் குறைத்தது. நாட்டுக்குள் வாரத்துக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆரம்பத்தில் சுமார் 4,000. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 6,000 பக்கம் ஏறியது. 2021 ஜனவரியில் சில மாநிலங்களில் பாதியானது. அந்த ஜூலையில் நாடு முழுவதும் பாதியாக்கி 3,035 என்று வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுவர விரும்புவதாகப் பிரதமர் ஸ்காட் மாரிசன் 2020 செப்டம்பரில் சொன்னபோது பட்டியல் 25,000 பேரை ஒட்டி இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது 38,000ஐ ஒட்டி. நடுவில் ஆட்கள் வராமல் இல்லை, வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆனால் வேலை போனவர், விசா முடிந்தவர் என்று புதிதாகப் பட்டியலில் சேர்ந்தவர்கள் அதை விட அதிகம்.

1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இருக்கு. வரிசையின் சராசரி நீளம் = வேகம் × சராசரி காத்திருப்பு. பட்டியலில் 36,000 பேர், வாரம் 6,000 பேர் உள்ளே என்று வைத்தால், காத்திருப்பு 6 வாரம்தான் வருது. ஆனா நிஜத்தில் மாசக் கணக்கில், சிலர் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கணக்கு எங்கே உதைக்குது?

முதல் விஷயம், அந்த 6,000 இடமும் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போகவில்லை. பட்டியலில் பெயரே இல்லாமல் டிக்கெட் வாங்கி வருபவரும் அதே எண்ணிக்கைக்குள்தான். இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அது முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற வரிசையே இல்லை. இடத்தை ஒதுக்கியது அரசு இல்லை, விமான நிறுவனங்கள். ஒரு பெரிய விமானத்தில் முப்பது பேரைத்தான் ஏற்றலாம் என்றால் எந்த முப்பது பேரை ஏற்றுவார்கள்? பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கியவர்களை. எகானமி டிக்கெட் வைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் இறக்கிவிடப்பட்டார்கள், திரும்பத் திரும்ப. லிட்டில் விதி வரிசை ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாது. பணம் உள்ளவன் ஒரு வாரத்தில் போனாலும், இல்லாதவன் ஒரு வருஷம் நின்றாலும் சராசரி அதேதான் வரும். செய்தியில் வரும் சராசரியைப் பார்த்து "அவ்வளவுதானே" என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உள்ளே வந்த பிறகும் செலவு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2020 ஜூலையிலிருந்து ஹோட்டல் தனிமைக்கு ஒரு ஆளுக்கு 3,000 டாலர். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓப்பனுக்காக டென்னிஸ் வீரர்கள், உதவியாளர்கள் என்று சுமார் 1,200 பேர் தனி விமானங்களில் மெல்போர்னில் வந்து இறங்கினார்கள். அது உச்சவரம்புக்கு வெளியே, தனிக் கணக்கு என்று விக்டோரியா அரசு விளக்கியது. வெளிநாட்டு விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவருக்கு அந்த விளக்கம் எப்படி இருந்திருக்கும்?

பயம் பொய்யில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு ஆஸ்திரேலிய மக்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று எழுதிவிடலாம். அது தப்பு. மெல்போர்னில் ஹோட்டல் தனிமையிலிருந்து வைரஸ் வெளியே கசிந்துதான் 2020 இரண்டாம் அலை வந்தது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நகரம் 112 நாள் பூட்டிக் கிடந்தது. 112 நாள் வீட்டுக்குள் இருந்தவருக்கு, ஒவ்வொரு விமானமும் அடுத்த 112 நாளாகத்தான் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் எல்லையை இறுக்கி மூடிய மார்க் மெக்கவனின் கட்சி, 2021 மார்ச் தேர்தலில் 59 இடங்களில் 53ஐ ஜெயித்தது. அந்த மாநிலத்தில் மூடிய கதவுக்கு அவ்வளவு ஆதரவு.

ஆனால் கசிந்தது எது? இது நம்ம மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஹோட்டல் என்பது தூங்கக் கட்டியது, தொற்றை அடைக்கக் கட்டியது இல்லை. உட்புறத் தாழ்வாரம், திறக்க முடியாத ஜன்னல், அறைக் கதவைத் திறந்தால் அறைக் காற்று தாழ்வாரத்துக்கு வரும். மருத்துவமனைத் தனிமை அறையில் உள்ளே காற்றழுத்தத்தைக் குறைவாக வைப்பார்கள், கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளேதான் போகும். ஹோட்டலில் அது கிடையாது. 2021 ஏப்ரலில் பெர்த்தில் இப்படித்தான், ஒரே தளத்தில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தொற்று பரவி, நகரம் மூன்று நாள் மூடப்பட்டது. முதலில் தொற்றோடு இருந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். உடனே பேச்சு எதைப் பற்றி? காற்றோட்டத்தைப் பற்றி இல்லை. இந்தியாவிலிருந்து ஏன் ஆட்களை விடுறோம் என்பதைப் பற்றி.

அதே நாட்டில் டார்வின் அருகே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம் இருந்தது. எரிவாயுத் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய முகாம். தனித்தனி கேபின், ஒவ்வொன்றுக்கும் தனி ஏசி, கதவைத் திறந்தால் திறந்தவெளித் தாழ்வாரம். ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கிப் போனார்கள், ஊருக்குள் கசியவில்லை. அப்படிப்பட்ட இடங்களை இன்னும் நாலு கட்டியிருந்தால் உச்சவரம்பு ஏறியிருக்கும், வரிசை குறைந்திருக்கும். கட்டாததற்குக் கோபம் வரவேண்டியது கட்டாதவர் மேல். வந்ததோ வரிசையில் நின்றவர் மேல்.

இந்தியா என்றதும்

இந்தியாவில் டெல்டா அலை உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல் 27 அன்று, நேரடி விமானங்களை மே 15 வரை நிறுத்தினார்கள். தனிமையில் இருப்பவர்களில் தொற்று உறுதியானவர்களைப் பார்த்தால், பாதிக்கும் மேல் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது அரசு தரப்பு வாதம். அந்த எண்ணில் தப்பில்லை. ஆனால் முந்தைய வருஷம் அமெரிக்காவும் பிரிட்டனும் தொற்றில் மூழ்கியிருந்தபோது அங்கிருந்து வரும் குடிமக்களைச் சிறைக்கு அனுப்புவோம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனித்தார்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் கவலை தெரிவித்தது. வலதுசாரி விமர்சகர் ஆண்ட்ரூ போல்ட்டே இதில் இனவெறி வாடை அடிக்குது என்கிற அளவுக்கு எழுதினார். வர்ணனையாளர் மைக்கேல் ஸ்லேட்டர் ட்விட்டரில் பிரதமரை நேரடியாகத் திட்டினார். சில நாட்களில் மாரிசன், யாரும் சிறைக்குப் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்று இறங்கி வந்தார். பெங்களூருவில் சிக்கிய ஒருவர் தொடர்ந்த வழக்கை ஃபெடரல் நீதிமன்றம் மே 10 அன்று தள்ளுபடி செய்தது. சட்டப்படி அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் விரல் நீட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். 2020 மார்ச் 22 முதல் இந்தியாவும் சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது, நம் சொந்த மக்களும் வர முடியாதபடி. வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியது மே 7இல்தான். ஜூனில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு ஆட்களை ஏற்றி வந்தது. வந்தவர்களை நம்ம தெரு எப்படி வரவேற்றது? கையில் முத்திரை, வாசல் கதவில் ஸ்டிக்கர், "ஃபாரின்ல இருந்து கொண்டுவந்துட்டாங்க" என்ற பேச்சு. வீட்டு வாசலில் இப்படி நோட்டீஸ் ஒட்டக்கூடாது, தகுதியான அதிகாரி தனிப்பட்ட உத்தரவு போட்டால் தவிர, என்று உச்ச நீதிமன்றம் சொல்ல டிசம்பர் ஆகிவிட்டது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டுக் கதவிலும் அந்த ஸ்டிக்கர் இருந்திருக்கும்.

தடை முடிந்து முதல் விமானம் மே 15 அன்று டெல்லியிலிருந்து டார்வின் வந்தது. இடம் 150 பேருக்கு. ஏறுவதற்கு முன் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களும் நிறுத்தப்பட, வந்து சேர்ந்தவர் சுமார் 80. காலியான இடங்களில் வேறு யாரையும் ஏற்றவில்லை. எல்லோரும் போனது ஹோவர்ட் ஸ்பிரிங்ஸுக்கு.

2021 நவம்பர் 1 அன்று, தடுப்பூசி போட்ட குடிமக்களுக்கு சிட்னியும் மெல்போர்னும் ஹோட்டல் தனிமை இல்லாமல் திறந்தன. சிட்னி விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத படங்களை அன்று நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பெர்த் மட்டும் 2022 மார்ச் 3 வரை திறக்கவில்லை. லண்டனிலிருந்து சிட்னிக்கு வர முடிந்த பெர்த்காரர், சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் போக அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.