உப்புக் காற்று, வெயில், கரண்ட் கட்: தங்கச்சிமாருக்கு ராத்தாவின் டிப்ஸ்

போன், ஹெட்செட், லெப்டொப் எது வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வரும். அது எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதினது. நற்பிட்டிமுனையில் இருக்கிற நமக்கு அது மட்டும் போதாது. கிழக்கே கல்முனைக் கடலின் உப்புக் காற்று, மேற்கே கிட்டங்கி வரைக்கும் வயல் ஈரம், சித்திரையில் கூரைக்குக் கீழே கொதிக்கிற அறை, நவம்பர், டிசம்பரில் வெள்ளம். நமது சாமான்கள் பழுதாகிற காரணங்களில் பாதிக்கு மேல் இதற்குள்தான் இருக்கு. இதைப் புரிந்து நடந்தால் இரண்டு வருஷத்தில் தூக்கி எறிகிற போன் நாலு, ஐந்து வருஷம் உழைக்கும்.

முதலில் சூடு. இப்போதைய போன்களில் இருக்கிறது லித்தியம் பெட்டரி. அதற்குச் சூட்டை மாதிரி எதிரி வேறில்லை. 35 பாகை செல்சியஸுக்கு மேலே போனைப் பாவிக்க வேண்டாம் என்று ஐபோன் கம்பனியே சொல்கிறது. நம்மூர் மத்தியானத்தில் தகரம் போட்ட அறைக்குள் அந்தச் சூடு லேசாக வந்துவிடும். அதனால் சார்ஜில் போடும்போது தடித்த கவரைக் கழற்றி, சீமெந்துத் தரையிலோ மேசையிலோ வையுங்க. மெத்தை, தலையணை, மோட்டார்சைக்கிள் சீட் மூன்றும் ஆகாது. சார்ஜில் போட்டபடியே வீடியோ பார்க்கிறதும் வேண்டாம். உள்ளேயிருந்து ஒரு சூடு, வெளியேயிருந்து ஒரு சூடு என்று பெட்டரி ஊதிப்போகும். போனின் முதுகு லேசாக உப்பித் திரையைத் தள்ளுவது தெரிந்தால், அமத்திப் பார்க்காமல், அன்றைக்கே பெட்டரியை மாற்றிவிடுங்க.

முழுவதும் இறங்கின பிறகு சார்ஜ் போடணும் என்று வாப்பாமார் சொல்வார்கள். அது பழைய நிக்கல் பெட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு 20 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருப்பதுதான் நல்லது. நாள் முழுவதும் கரண்டில் கிடக்கிற லெப்டொப் என்றால், 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி அநேகமான கம்பனிகளின் மென்பொருளிலேயே இருக்கு. செட்டிங்ஸில் பெட்டரி என்ற இடத்தில் தேடிப் பாருங்க.

சார்ஜ் வயர் ஆடுகிறது, சரிந்து பிடித்தால்தான் ஏறுகிறது என்று போனைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் நம்மூரில் அதிகம். கொண்டுபோக முன்னம் வெளிச்சத்தில் அந்தத் துவாரத்தைப் பாருங்க. கைப்பையில் இருக்கிற நூல் தூசும் மணலும் அமுங்கி, அடியில் ஒரு சாம்பல் நிறத் தட்டாக இருக்கும். போனை ஓஃப் பண்ணிவிட்டு, காய்ந்த தென்னை ஈர்க்கின் நுனியை மெல்லியதாகச் சீவி, ஓரமாக விட்டு மெதுவாக வழித்து எடுங்க. ஊசி, ஹேர்பின் இரண்டும் கூடாது. உலோகம் உள்ளே இருக்கிற தகட்டைக் கீறிவிடும். தூசு வந்ததும் வயர் டக்கென்று உள்ளே போய் நிற்கும். தகட்டில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அது உப்பின் வேலை. அதைக் கடைக்காரர் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்.

தண்ணிக்குள் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்க. நெல் விளைகிற ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அரிசித் துகள் போனுக்குக் கேடு செய்யலாம் என்று அப்பிள் தனது அறிவுறுத்தலிலேயே எழுதியிருக்கு. ஓஃப் பண்ணி, துவாரம் கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது வையுங்க. அதுவரைக்கும் சார்ஜ் வேண்டாம். கடல் தண்ணி என்றால் காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நேரே திருத்துகிறவரிடம் போங்க.

கரண்ட் கட் நமக்குப் புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. அந்த வருஷம் நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பல இடங்களில் கரண்டோடு சிக்னலும் போனது. கரண்ட் திரும்பி வருகிற அந்த நிமிஷத்தில்தான் வோல்டேஜ் ஏறி இறங்கும். கரண்ட் போனவுடனே சார்ஜரையும் ரௌட்டரையும் கழற்றி வைத்து, வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்க. பவர் பேங்க் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் உங்கள் போனுக்குள் வந்து சேர்வது ஏறக்குறைய 6,000தான். உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட், மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் போய்விடும். இது ஏமாற்று இல்லை. ஆனால் கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிற ஒன்றில் 30,000 என்று அச்சடித்திருந்தால் அது ஏமாற்றுத்தான். 10,000 பவர் பேங்கே ஏறக்குறைய 200 கிராம் இருக்கணும். கட்டாருக்கோ சவூதிக்கோ போகிற தம்பிமார் அதைக் கைப்பையில்தான் வைக்கணும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவருக்குள் இருக்கணும். எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பாவிக்கவும் தடை.

வெள்ள நேரத்துக்கு இன்னொன்று. பழைய வயர் ஹெட்செட்டை வீசாதீங்க. ரேடியோ வசதி உள்ள போனில் அந்த வயர்தான் ஏரியல். டேட்டாவும் சிக்னலும் இல்லாத நேரத்திலும் எப்.எம். செய்தி கேட்கலாம். புளூடூத் ஹெட்செட்டால் அந்த வேலை நடக்காது.

ஹெட்செட் என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஸூம் வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பிரச்சினை வருகிறது. புளூடூத் ஹெட்செட்டில் கிராஅத் கேட்கும்போது தெளிவாக இருக்கும். அதையே லெப்டொப்பில் ஸூமுக்குப் போட்டதும் சேரின் குரல் பழைய டெலிபோனில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஹெட்செட் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கினாலும் அதேதான் நடக்கும். காரணம் இதுதான்: அதன் மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும், போவதற்கும் வருவதற்கும் புளூடூத்துக்கு இடம் போதாமல், சத்தத்தின் தரத்தைக் குறைத்து அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. ஸூம் செட்டிங்ஸில் ஓடியோவுக்குப் போய், ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும் மைக்குக்கு லெப்டொப்பின் சொந்த மைக்கையும் தெரிவு செய்யுங்க. குரல் உடனே தெளிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை. வயர் ஹெட்செட் வாங்குகிறதானால் பின்னைப் பாருங்க. அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக் உண்டு, இரண்டு என்றால் கேட்க மட்டும்தான்.

காதைப் பற்றி நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். சத்தத்தை 60 வீதத்துக்கு மேலே கூட்டாதீங்க. பக்கத்தில் இருக்கிற உம்மா கூப்பிடுவது கேட்கவில்லையென்றால் அது கூடின சத்தம். காதுக்குள் இருக்கிற நரம்பு மயிர்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது. ஒருவர் போட்ட இயர்பட்ஸை இன்னொருவர் போடுகிறதும் வேண்டாம், இந்தப் புழுக்கத்தில் பூஞ்சணம் தொற்றும். கிழமைக்கு ஒருதரம் இயர்பட்ஸின் வலையைக் கீழே பிடித்தபடி காய்ந்த பிரஷால் துடையுங்க. வியர்வை உப்பு அந்தச் சின்னச் சார்ஜ் பின்களைத் தின்றுவிடும். கல்முனை, மட்டக்களப்பு ரோட்டில் மோட்டார்சைக்கிள் ஓடும்போது இரண்டு காதையும் அடைக்கிற தம்பிமாரே, அதை இன்றோடு விட்டுவிடுங்க.

கடையில் வாங்கும்போது: பெட்டியில் இருக்கிற ஐஎம்இஐ இலக்கத்தை, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணி ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடித்தால் வருகிற இலக்கமும் பெட்டி இலக்கமும் ஒன்றாக இருக்கணும். கம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்க. பில் தர மறுத்தால் பாவனையாளர் அதிகார சபையின் இலக்கம் 1977.

திருத்தக் கொடுக்கும்போது என்ன செய்யணும் என்பதைத் தங்கச்சிமார் ஒவ்வொருவரும் மனதில் வைக்கணும். படங்களை அழித்துவிட்டேன் என்று நம்பிக் கொடுத்துவிடாதீங்க. அழித்ததை மீட்கிற மென்பொருள் இருக்கு. புதிய சம்சுங் போன்கள் பலதில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துகிறவருக்குப் போன் வேலை செய்யும், உங்கள் படமோ மெசேஜோ தெரியாது. அது இல்லாத போனில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு ரீசெட் பண்ணிக் கொடுங்க. மெமரி கார்ட்டையும் சிம்மையும் கழற்றிக் கையில் வைத்திருங்க. வட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷனைப் போட்டுவிடுங்க. போனுக்கு வருகிற ஆறு இலக்கக் குறியீட்டை மச்சி கேட்டாலும் மாமி கேட்டாலும் கொடுக்க வேண்டாம், கேட்பது அவர்களாகவே இருக்காது. யாராவது படத்தை வைத்துப் பயமுறுத்தினால் காசும் கொடுக்காதீங்க, பயந்து ஒளியவும் வேண்டாம். மெசேஜை அழிக்காமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு, 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கோ 101 கணினி அவசரப் பிரிவுக்கோ எடுங்க. தவறு செய்தவன் அவன்தான்.

கொமியுனிகேஷன் கடையில் போய்ப் பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம், அடையாள அட்டைப் படம் எல்லாம் அந்தக் கொம்பியூட்டரின் டெஸ்க்டொப்பில் கிடக்கும். எழும்புவதற்கு முன் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, ஜீமெயிலிலிருந்தும் வட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியே வந்துவிடுங்க.

தமிழில் டைப் பண்ணினது கடையில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறதா? நீங்கள் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீங்க. பாமினியில் தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளை அமத்துகிறோம். கொம்பியூட்டருக்குள் சேமிப்பதும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் அவை அப்படியே வெளியே தெரியும். யுனிகோட்டில் அடித்தால் எந்தப் போனிலும் எந்த நாட்டிலும் தமிழ் தமிழாகவே இருக்கும், தேடினாலும் கிடைக்கும். பாமினி விசைப்பலகை பழகின கைக்கு அதே விசைகளோடு யுனிகோட் தருகிற என்எச்எம் ரைட்டர் இலவசம். பழைய பைல்களில் இருப்பதை இணையத்தில் இருக்கிற சுரதா எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோட்டாக்கலாம். எதுவானாலும் பிரிண்டுக்குக் கொண்டுபோக முன் பிடிஎப் ஆக்கிவிடுங்க. வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. முடிந்தவர்கள் 11க்கு மாறுங்க. கிரக் போட்ட ஒபிஸை விட லிப்ரே ஒபிஸ் எவ்வளவோ நல்லது. காசும் இல்லை, வைரஸும் இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையோரத்துக் குடும்பங்கள் உயிர்களோடு அல்பங்களையும் இழந்தன. மௌத்தானவர்களின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் இன்றும் இருக்கு. இப்போது படங்களும் குரல்களும் ஒரே போனுக்குள் கிடக்கின்றன. கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பின வொய்ஸ், உம்மம்மா பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுத்த வொய்ஸ் எல்லாம் அதற்குள்தான். அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் போல்டருக்குள் வொய்ஸ் நோட்ஸ் என்ற இடத்தில் அவை இருக்கும். பைலின் பெயரில் திகதி இருக்கும், பேசினவர் பெயர் இருக்காது. அதனால் யார் பேசினது, எப்போது என்று பெயர் மாற்றிச் சேமியுங்க. அந்த பைல்கள் விஎல்சியில் நன்றாகப் பாடும். கூகுளில் இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபிக்குள் வட்ஸ்அப் பெக்கப்பும் சேர்ந்துதான் கணக்கு, அது நிரம்பினால் பெக்கப் நின்றுவிடும். ஆகவே ஒரு பிரதி கூகுளில், ஒரு பிரதி ஹார்ட் டிரைவில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் என்று மூன்றாக வையுங்க. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்கி, வீட்டில் வயதில் மூத்தவரின் குரலிலிருந்து இன்றைக்கே தொடங்குங்க தங்கச்சி.